புது டயர் எந்தப் பக்கம்?

போன வாரம் டயர் கடை வாசலில் நடந்த கூத்தை நீங்கள் மறந்திருந்தாலும் குற்றமில்லை. டிரைவர் மறக்கவில்லை. அதற்கப்புறம் அவர் அதையேதான் மென்றுகொண்டிருந்தார்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வேலை போனாலும் பெயர் போகவில்லை. தெருவில் மட்டுமல்ல, வீட்டிலும் அவர் டிரைவர்தான். மனைவியே பக்கத்து வீட்டில் பேசும்போது, "எங்க டிரைவருக்கு இன்னிக்கு மூக்குக்கு மேல கோபம்" என்பாள்.

இடது கண்ணில் ஓரப் பார்வை போய்விட்டது, இனிமேல் வண்டியைத் தொடக்கூடாது என்று கண் டாக்டர் சொன்னபோதே அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. வீட்டிலிருந்த சின்னக் காரை மருமகள் ஓட்ட ஆரம்பித்தாள். அவளும், 'நான் சொல்லித் தருகிறேன்' என்ற மாமனாரை விட்டுவிட்டு டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தவள். அதையும் அவர் பொறுத்துக்கொண்டார்.

டயர் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

நாலு டயரில் இரண்டு மொழுமொழுவென்று ஆகிவிட்டன. அவற்றுக்குப் பதில் புதிதாக இரண்டு வாங்கினார்கள். மீதி இரண்டும் நன்றாகவே தேய்ந்தவைதான். ஆனாலும் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்று விட்டுவிட்டார்கள். இப்போது புதியதை எங்கே மாட்டுவது? முன்னாலா, பின்னாலா?

"இதுல என்ன கேள்வி? முன்னாடிதான்," என்றார் டிரைவர்.

"பின்னாடிதான்," என்றாள் டயர் கடைக்கார அம்மா. காற்றடிக்கும் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவளுக்குச் சாதாரணப் பேச்சே சண்டை மாதிரி வரும்.

"அம்மா, நான் பஸ் ஓட்டினவன். டிப்போவில புது டயர் வந்தா முதல்ல முன்சக்கரம். தேய்ஞ்சதுதான் பின்னாடி போகும்."

"பஸ் வேற, இது வேறங்கய்யா. முன்சக்கரம் வழுக்கினா ஸ்டீயரிங் உங்க கையில சொல்லிடும். காலை எடுத்தா வண்டி கட்டுக்கு வந்துடும். பின்சக்கரம் சொல்லிக்காம வழுக்கும். என்னன்னு பார்க்கறதுக்குள்ள வண்டி வந்த பக்கமே திரும்பி நிக்கும்."

மருமகள் பிஸ்கட் ஃபேக்டரியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். எதையும் உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். கடைக்கார அம்மாவை நாலு கேள்வி கேட்டாள். பதில் மனதுக்குச் சரியென்று பட்டது. "பின்னாடியே போடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

டிரைவர் மகனைப் பார்த்தார். மகன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். யார் பட்டனை அழுத்தினாலும் அந்தப் பக்கம் போவது அவன் சுபாவம். அன்றைக்குப் பக்கத்தில் நின்றவள் பெண்டாட்டி. "அவங்க சொல்றதும் சரிதானேப்பா" என்றான்.

"பிஸ்கட்டை உடைக்கறவ எனக்கு டயர் சொல்லித் தர்றா" என்று முணுமுணுத்துக்கொண்டு டிரைவர் தனியாக நடந்தே வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து மருமகளோடு பேச்சில்லை. சாப்பாட்டு மேஜைக்கும் வருவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவார்.

இது வரைக்கும் கதை. இன்றைக்கு நடந்ததைச் சொல்ல எனக்கே கை வரவில்லை.

விடிந்தும் விடியாத நேரம். வானம் மூட்டம் போட்டிருந்தது. டிரைவர் எழுந்து, செருப்புக்கூடப் போடாமல், கார் நிற்கும் கொட்டகைக்குப் போனார். டிக்கியை ஓசைப்படாமல் திறந்து ஜாக்கியையும் ஸ்பேனரையும் எடுத்தார். உபரி டயரான ஸ்டெப்னியையும் இறக்கினார்.

ஒரே ஜாக்கியை வைத்துக்கொண்டு முன்சக்கரத்தைப் பின்னாலும் பின்சக்கரத்தை முன்னாலும் மாற்ற வேண்டுமானால் ஸ்டெப்னி இல்லாமல் நடக்காது. முன்சக்கரத்தைக் கழற்றி அந்த இடத்தில் ஸ்டெப்னியை மாட்டினார். பிறகு பின்பக்கம் தூக்கி, அங்கே இருந்த புதியதைக் கழற்றிப் பழையதை மாட்டினார். மறுபடி முன்னால் வந்து ஸ்டெப்னியை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினார். ஒரு பக்கம் முடிந்தது. இன்னொரு பக்கத்துக்கும் இதே பாடு.

முழங்கால் வலித்தது. இடப்பக்கம் எதைத் தேடினாலும் தலையை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. ஆனாலும் கைக்கு வேலை மறக்கவில்லை. நட்டுகளை ஒரே வரிசையில் முறுக்காமல் எதிரும் புதிருமாக முறுக்கினார். வண்டியை இறக்கிய பிறகு ஸ்பேனரில் உடம்பு பாரத்தைப் போட்டு இன்னொரு முறை முறுக்கினார். உருண்டுவிடாமல் முட்டுக் கொடுத்திருந்த செங்கல்களை எடுத்து ஓரமாக அடுக்கினார். வேலையில் ஒரு பொட்டுக் குறை கிடையாது.

நாலு டயரிலும் ஒரே மாதிரி சேறு அப்பியிருந்தது. எது புதிது, எது பழையது என்று குனிந்து பார்க்காமல் சொல்ல முடியாது.

ஏன் செய்தார்? இந்த மழைக்காலத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான். மனதார அப்படித்தான் நினைத்தார். கொஞ்ச நாள் போகட்டும், வண்டி நன்றாக ஓடுகிறது என்று அவளே சொல்லட்டும், அப்போது உண்மையைச் சொல்லி மூக்கை உடைக்கலாம் என்றும் நினைத்தார். அதில் அக்கறை எவ்வளவு, வீம்பு எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள். அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

கை கழுவிக்கொண்டிருக்கும்போது மனைவி வந்து நின்றாள். கல்யாணமான புதிதில் அவளுக்கு அவர் வைத்த பெயர் பாப்பா. பல்லெல்லாம் போய்விட்ட இந்த வயதில் அது இன்னும் பொருத்தமாகிவிட்டது.

"கொட்டகையில என்னங்க சத்தம்?"

"டயர்ல காத்து இருக்கான்னு பார்த்தேன்."

"அந்த வண்டி மேலதான் கோபமாச்சே?"

"வண்டி என்ன பண்ணுச்சு பாவம்."

பாப்பா சிரித்தாள். பல் டாக்டர் இன்றைக்குப் பல் செட் தருவதாகச் சொல்லியிருந்தார். மருமகள் அதற்காக லீவு போட்டிருந்தாள். இத்தனை நாளும் குழைந்த சோறும் பாலில் ஊறின ரொட்டியுமாகச் சாப்பிட்டு அலுத்துப்போனவளுக்கு இன்று கல்யாணக் களை.

"பல்லு வரட்டும். முதல் வேலையா உங்களைத்தான் ஒரு கடி கடிக்கப் போறேன். இத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்ததுக்கு."

"கடி, கடி. யாரு வேண்டான்னா?"

அவர் குரலில் இருந்த கலகலப்பு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மருமகள் சாவியோடு வெளியே வந்தபோது இன்னொரு ஆச்சரியம். டிரைவர் வாசலில் நின்று அவள் முகம் பார்த்துப் பேசினார்.

"மழை வரும் போல இருக்கு. பாலம் தாண்டி இறக்கத்துல ஒரு வளைவு இருக்கும். அங்கே பார்த்துப் போ."

"சரிங்க மாமா. மெதுவாத்தான் போவேன்," என்றாள். கண் லேசாகக் கலங்கியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் அத்தையின் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினாள்.

பாப்பா எப்போதும் பின்சீட்டில் இடப்பக்கம்தான். முன்சீட்டில் பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்பாள்.

தெருமுனை திரும்பும்வரை டிரைவர் பார்த்துக்கொண்டே நின்றார். முன்சக்கரம் இரண்டும் ரோட்டைக் கவ்விக்கொண்டு போனதாக அவருக்குத் தோன்றியது. இன்றைக்குக் காலைச் சாப்பாட்டை அவர் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார். வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

போகிற வழியில் மருமகள் புருஷனுக்குப் போன் போட்டாள். அவன் ஏதோ கட்டடத்து லிஃப்ட் குழிக்குள் இருந்தான். லைன் கிடைக்கவில்லை. கார்ச் சத்தத்தோடு ஒரு குரல் செய்தி மட்டும் போய்ச் சேர்ந்தது. "ஏங்க, மாமா எங்கிட்ட பேசிட்டாரு. வேற ஒண்ணும் இல்ல, அதைச் சொல்லத்தான்."

மத்தியானம் வீட்டுப் போன் மணி அடித்தது. டிரைவர் எடுத்தார்.

"யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்?" பெண் குரல். கொஞ்சம் கிளிக் கிளிக்கென்று தட்டியது.

"யாருங்க?"

"உங்க பெண்டாட்டிதான். பல்லு போட்டாச்சு!"

டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தெரியாது.

"குரலே மாறிப்போச்சு பாப்பா. நான் எவளோ ஒருத்தின்னு பார்த்தேன்."

"ஆசையைப் பாரு! இங்கே மழை கொட்டுது. கொஞ்சம் விட்டதும் கிளம்பறோம்."

"அவளை நிதானமா வரச் சொல்லு."

"அவ நல்லாத்தான் ஓட்டறா. நீங்கதான் ஒத்துக்க மாட்டேங்கறீங்க."

"சரி, சரி. ஒண்ணும் ஆகாது, தைரியமா வாங்க. நான் இருக்கேன்ல?"

நான் இருக்கேன்ல என்று அவர் எதை நினைத்துச் சொன்னார் என்பது பாப்பாவுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். பாவம், சிரித்துக்கொண்டேதான் அவள் போனை வைத்தாள்.

மழை இங்கேயும் வந்தது. டிரைவர் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வர வேண்டிய நேரம் தாண்டியது. வழியில் எங்காவது ஒதுங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

மறுபடி மணி அடித்தபோது பாய்ந்து எடுத்தார். மருமகள்.

"மாமா..."

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. வேறு யாரோ போனை வாங்கி, விபத்து என்றும், பெரிய ஆஸ்பத்திரி என்றும் சொன்னார்கள். சின்னவங்களுக்குப் பெரிசா ஒண்ணும் இல்லை, பெரியம்மாவை உள்ளே கொண்டுபோயிருக்காங்க என்றார்கள்.

டிரைவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். மழையில் வாடகைக் கார் எதுவும் நிற்கவில்லை. பஸ்தான் கிடைத்தது. உட்கார இடம் இருந்தும் உட்காராமல், ஓட்டுகிறவனுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் மனசு வேறு எங்கேயும் போகவில்லை. கொட்டகைக்குத்தான் போயிற்று. நட்டு. நட்டை ஒழுங்காக முறுக்கினேனா? சக்கரம் ஏதாவது கழன்று போயிருக்குமோ?

ஒவ்வொரு சக்கரமாக நினைத்துப் பார்த்தார். முன் வலது, இறுக்கமாக இருந்தது. முன் இடது, தலையைத் திருப்பிப் பார்த்துப் பார்த்து முறுக்கியது, அதுவும் சரி. பின்னால் இரண்டும் சரி. வண்டியை இறக்கினபின் இன்னொரு முறையும் முறுக்கினாரே! இல்லை, நட்டு கழன்றிருக்க வாய்ப்பே இல்லை. அப்படியானால் தன் தப்பு இல்லை. ஓட்டினவள் தப்பாக இருக்கும், இல்லை எதிரே வந்தவன் தப்பாக இருக்கும்.

இப்படி நினைத்ததும் நெஞ்சு கொஞ்சம் லேசாயிற்று. மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது ஒரு மனுஷனுக்கு இதில் ஆறுதலா என்று உங்களுக்குக் கோபம் வரலாம். எனக்கும் வந்தது.

ஆஸ்பத்திரி தாழ்வாரம் முழுக்க ஈரக் காலடிகள். வரிசையாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் மருமகள் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் கட்டு. ஒரு கையைத் துணியில் தொங்கவிட்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

"அவ எங்கே?"

"உள்ளே. தலையில அடி. இடுப்பு எலும்பும் உடைஞ்சிருக்கு. இன்னும் நினைவு வரல மாமா. கூப்பிட்டாக் கண்ணைத் திறக்க மாட்டேங்கறாங்க."

கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. டிரைவர் அதன் பக்கத்தில் போய் நின்றார். உள்ளே பச்சைத் திரைச்சீலையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்து அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னம்மா ஆச்சு? எதிர்ல யாராவது வந்தானா?"

"யாரும் வரல."

"வேகமா வந்தியா?"

"இல்ல மாமா. மெதுவாத்தான் வந்தேன். நீங்க சொன்னீங்களே, பாலம் தாண்டின இறக்கம், அந்த வளைவு. அங்கேதான். ரோடெல்லாம் தண்ணி. ஆனா வண்டி நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சு. ஸ்டீயரிங் கல்லு மாதிரி நின்னுச்சு, கொஞ்சம்கூட வழுக்கல. சரி, ரோடு பரவாயில்லைன்னு நினைச்சேன். வளைவுல லேசா பிரேக்கைத் தொட்டேன். அவ்வளவுதான்."

"தொட்டதும்?"

"முன்னாடி ஒண்ணும் ஆகல. பின்னாடி யாரோ வாலைப் பிடிச்சு இழுத்த மாதிரி இருந்துச்சு. அத்தை 'ஐயோ'ன்னாங்க. நான் ஸ்டீயரிங்கைத் திருப்பறதுக்குள்ள ரோடு கண்ணை விட்டுப் போயிடுச்சு. வந்த பக்கம் பார்த்து நிக்கறேன். பின்பக்கம் போய்ச் சுவர்ல மோதிடுச்சு. அத்தை உக்காந்திருந்த பக்கம்."

டிரைவரின் கைகள் தாமாகவே மடியில் ஒரு ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தன. அவள் சொல்லச் சொல்ல அந்த வளைவை அவர் ஓட்டிப் பார்த்தார். முன்னால் புது டயர். ஈரமா இல்லையா என்றே கைக்குத் தெரியாது. பின்னால் தேய்ந்த டயர். எடை என்று சொல்ல ஒரு வயதானவள் மட்டும். பிரேக்கைத் தொட்டதும் பாரமெல்லாம் முன்னால் சாய்ந்துவிடும். பின்னால் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

பஸ்ஸுக்குப் பின்னால் ஜோடி ஜோடியாக நாலு சக்கரம். பாதி ஜனங்களின் பாரம் அதன் மேல். ஒன்று தேய்ந்திருந்தாலும் மற்றது தாங்கும். அந்த நினைப்பிலேயே அவர் காலம் முழுக்கப் பின்சக்கரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஓட்டிவிட்டார். இது இரண்டு பேர் தள்ளினால் நகர்ந்துவிடுகிற குட்டி வண்டி. டயர் கடைக்கார அம்மா வாய் வலிக்கச் சொன்னாள். அவர் காது கொடுக்கவில்லை.

நட்டு எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். பஸ்ஸில் வரும்போது ஆறுதலாக இருந்த அதே நினைப்பு இப்போது அவரைக் குத்தியது.

"பின்னாடி புது டயர் இருக்கு, வழுக்காதுன்னு நம்பித்தான் மாமா அந்த வளைவுல இறங்கினேன்," என்றாள் மருமகள். "பழையது இருக்குன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் மெதுவாப் போயிருப்பேன். இந்த மழையில கிளம்பியே இருக்க மாட்டேன்."

டிரைவர் வாயைத் திறந்தார். இப்போது சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தார்.

"அம்மா, நான் காலையில..."

"பெரியம்மாவோட ஆளுங்க யாரு?" நர்ஸ் கதவைத் திறந்து கேட்டாள்.

இருவரும் எழுந்தார்கள். நர்ஸ் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையை நீட்டினாள். உள்ளே பாப்பாவின் வளையல்களும், புதுப் பல் செட்டும் இருந்தன. ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோகிறோம், இங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். பை டிரைவர் கையில் இருந்தது. அதைப் பார்க்க முடியாமல் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் மகன் வந்தான். கையெல்லாம் கிரீஸ். வேலை உடுப்போடு அப்படியே ஓடி வந்திருந்தான். அம்மாவைப் பற்றிக் கேட்டான். என்ன நடந்தது என்று கேட்டான். மருமகள் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனதைச் சொன்னபோது அவன் முகம் மாறியது.

யாரிடமும் குரலை உயர்த்திப் பேசாதவன் அவன். யார் சொன்னாலும் சரி சரி என்று போகிறவன். இன்றைக்கு அந்தத் தாழ்வாரமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான்.

"அப்பா படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! முன்னாடி போடு, முன்னாடி போடுன்னு சொன்னாரே! காலமெல்லாம் ஓட்டின மனுஷன். அவரை விட அந்தக் கடைக்காரிக்குத் தெரிஞ்சிடுச்சா? உனக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"ஏங்க, மெதுவா..."

"என்ன மெதுவா? எங்கம்மா உள்ளே கிடக்கறாங்க. நானும் உன் பேச்சைக் கேட்டுத் தலையை ஆட்டினேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்."

"அவளைத் திட்டாதடா," என்றார் டிரைவர். குரல் வெளியே வரவே இல்லை. வந்த கொஞ்சத்தையும் மகன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டான்.

"பார்த்தியா? இவ்வளவு ஆன பிறகும் உன்னைத் திட்டாதேங்கறாரு. இந்த மனுஷனைத்தான் கடை வாசல்ல நாலு பேர் முன்னாடி அவமானப்படுத்தினோம்."

மருமகள் அடிபடாத கையால் டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். எதையும் உடைத்துப் பார்த்துத்தான் நம்புகிற பெண். இன்றைக்கு உடைந்தது என்னவென்று அவள் கண்ணால் பார்த்தாயிற்று. அதிலிருந்து அவளுக்குத் தெரிந்த முடிவுக்கு வந்துவிட்டாள்.

"நீங்க சொன்னதுதான் மாமா சரி. பின்னாடி புதுசு போட்டும் வழுக்கிடுச்சே. உங்க பேச்சைக் கேட்டிருந்தா அத்தை இந்நேரம் வீட்டுல உக்காந்து பேசிக்கிட்டு இருப்பாங்க. எனக்கு இனிமே வண்டியே வேணாம். நான் செஞ்ச தப்புக்கு என்னை மன்னிச்சிடுங்க."

ஒரு மாமனார் தன் வாழ்நாளில் கேட்க ஆசைப்படுகிற வார்த்தைகள் இவை. கொஞ்ச நாளாக ராத்திரியும் பகலும் இதைத்தானே அவர் மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்? நீங்க சொன்னதுதான் சரி மாமா. அச்சு அசலாக அப்படியே வந்துவிட்டது. அவளுடைய கை சில்லென்று இருந்தது. அந்தக் கையை விடவும் முடியாமல், பிடிக்கவும் முடியாமல் அவர் உட்கார்ந்திருந்தார்.

இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தப் பெண் தலை நிமிர்ந்துவிடுவாள். ஆனால் மகன் முகத்தை எப்படிப் பார்ப்பது? உள்ளே கிடக்கிறவள் கண் திறந்து, நான் இருக்கேன்லன்னு சொன்னீங்களே என்று கேட்டால் என்ன சொல்வது? அவள் கண்ணைத் திறக்கட்டும், முதலில் திறக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் ஒரு கோழை சொன்னான். அவன் பேச்சையே அவர் கேட்டார்.

வெளியே மழை விட்டிருந்தது. மகன் கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் முன்னால் வந்து குனிந்தான். இப்போது குரல் பழையபடி தணிந்திருந்தது.

"வண்டியை அந்தப் பாலத்துக்கிட்ட இருக்கற ஒர்க்‌ஷாப்ல இழுத்துப் போட்டிருக்காங்களாம்ப்பா. இன்னும் யாரும் தொடல. நாளைக்குக் காலையில போறேன். முதல் வேலையா பின்னாடி இருக்கற புது டயர் ரெண்டையும் கழட்டி, நீங்க சொன்ன மாதிரி முன்னாடி மாட்டச் சொல்லப் போறேன். நீங்களும் கூட வாங்க. நீங்க பக்கத்துல நின்னு பார்த்தாத்தான் எனக்கு மனசு ஆறும்."

மருமகளும் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வர்றேன்," என்றார் டிரைவர்.